குடையை மடக்கிக்கொண்டு வந்தவர்

எங்கள் மலையூர் காந்தலில் தெருக்கோடி வீட்டு நர்ஸம்மா ஒல்லியானவர். எந்நேரமும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர்தான். எவ்வளவு மழை பெய்தாலும் தெருமுனையிலேயே குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு நடப்பார்.

காரணம் அவருடைய நாய். யாரோ குடையால் அடித்து விரட்டிய நாயை எடுத்து வளர்த்தார். குடையைக் கண்டால் அது பாயும். "கோவமில்லீங்க. பயந்துதான் பாயுது" என்பார். மடக்கிய குடையைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் வர்க்கி பிஸ்கட்டைப் பிட்டுப் போடுவார். பல மாதம் கழித்து, பாதி விரித்த குடையருகே நின்று அது வாலாட்டித் தின்றது.

அதைக் கேள்விப்பட்ட எங்கள் மேல்வீட்டுக்காரர், "பழகிருச்சுன்னாங்களே, பாக்கலாம்" என்று அதன் முகத்துக்கு நேரே குடையைப் படாரென்று விரித்தார். கையில் கடி விழுந்தது. நர்ஸம்மா டூட்டி முடிந்து வருவதற்குள் தெருவே கூடி அதை நாய் பிடிக்கிற வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டது. எங்கே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நாய்க்கடிக்கான அடுத்த ஊசிக்கு மேல்வீட்டுக்காரரை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசியோடு வந்தது நர்ஸம்மா. மேல்வீட்டுக்காரர் கையை இழுத்துக்கொண்டார்.

"மெதுவாங்க. எனக்கு ஊசின்னாலே பயமுங்க."

நர்ஸம்மா ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அந்தப் பக்கம் பாருங்க. அவசரமில்லீங்க."

மேல்வீட்டுக்காரரின் பயம் அடங்கும்வரை காத்து நின்று, வலிக்காமல் போட்டார். அந்தப் பொறுமை எனக்கு இன்றும் விளங்கவில்லை. பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னார்:

"பயப்படறது தப்பில்லீங்க. உங்கள யாரும் வண்டியில ஏத்த மாட்டாங்க."

மேல்வீட்டுக்காரர் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோசமுங்க" என்றார்.