வெள்ளையாகப் படிந்த நீர்

ஹேவ்லாக் தீவில் பள்ளி மாணவர்களைக் கழிமுகத்துக்கு அழைத்துச் சென்று, நீரைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்து வந்தேன். புட்டியில் மருந்துத் துளிகளை விட்டால், பிராணவாயு உள்ள நீரில் பழுப்பாகப் படியும். அன்று வெள்ளையாகப் படிந்தது. சுத்தமான தண்ணீர் என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். இதில் மீன் பிழைக்காது என்று நான் சொல்ல நேர்ந்தது. சற்று மேலே, ஒரு ரிசார்ட்டின் கழிவுக்குழாய், கழிமுகத்துக்கு வந்து சேரும் ஓடையில் இறங்கியிருந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதும்போது ஒரு மாணவி அருகில் வந்தாள். "மிஸ், ரிசார்ட் பேரை எழுதிடாதீங்க. அம்மா அங்கதான் ரூம் கிளீன் பண்ணுது. நம்ம கிளாஸ்தான் சொன்னதுன்னு தெரிஞ்சா அம்மாவை நிறுத்திடுவாங்க."

நான் பெயரையும் குழாய் இருந்த இடத்தையும் எழுதவில்லை. இடம் குறிப்பிடாத புகாரின்மேல் நடவடிக்கை எடுக்க இயலாது என்று பதில் வந்தது. அவள் அம்மா வேலைக்குப் போகிறார், குழாயும் மூடப்படவில்லை. அடுத்த பருவத்தில் வகுப்பை வேறு ஓடைக்கு மாற்றிக்கொண்டேன்.