கரி மூட்டையிடம் ஆசீர்வாதம்

என் அக்கா புருஷன் பெர்சியோவுக்கு என்ன தொழில் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அக்கா நூரிஸ், "வெயில்ல சுத்தறது" என்பாள். "என் வண்டியோட பெட்ரோலைத் தீர்க்கிறது" என்பேன் நான். அவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பையன்களைக் கண்டுபிடிக்கிறேன்" என்பார். பானியைச் சுற்றியுள்ள வறண்ட ஊர்களில் பேஸ்பால் நன்றாக எறியும் பையன்களைத் தேடிப் பிடித்து, சோறு போட்டுப் பழக்கி, அமெரிக்க கிளப்காரர்கள் இங்கே நடத்தும் அகாடமி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். எடுத்துக்கொண்டால் பையனுக்கு வாழ்வு, இவருக்குப் பேர். இதுவரை இவர் நிறுத்திய ஒருவனையும் எவரும் எடுத்துக்கொண்டதில்லை. ஆனாலும் புதிதாக ஒருவனைப் பார்த்துவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது, தூக்கம் வராது. கூட அலைகிற எனக்கும்தான்.

சபானா புவேயில் வில்கினைப் பார்த்த அன்றும் அப்படித்தான். மைதானத்தில் பாதியை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நெட்டைக் கைகளோடு பதினாறு வயதுப் பையன் ஒருவன் எறிந்தான். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பிடித்தவன் அவனுடைய அண்ணன் ரதாமேஸ். அவன் வாய் ஒரு நிமிஷம் ஓயவில்லை. "இங்க தம்பி, இங்க, இங்க போடு!" பந்து வந்து கையுறையில் விழுந்த சத்தத்தில் ஆடுகள் மேய்வதை நிறுத்தின. பெர்சியோ வேகம் பார்க்கும் கருவியை என் கையில் திணித்தார்.

"மச்சான், என் கண்ணு பொய் சொல்லுது. நீ படி."

"தொண்ணூறு மைல்."

"மறுபடி படி."

"தொண்ணூறுதான் மச்சான். படிக்கப் படிக்கக் கூடுமா?"

என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி குதித்தார். சொன்னால் வெட்கம், நானும் குதித்தேன்.

அகாடமியில் ஆள் தேர்ந்தெடுப்பவர் அரிஸ்டிதெஸ். இஸ்திரி கலையாத சட்டை, சிரிக்காத முகம். "பெர்சியோ, இதுதான் கடைசி" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். "இவனும் பழைய ஆளுங்க மாதிரி இருந்தா, அப்புறம் இந்த வாசல்ல உன் மூஞ்சியே தெரியக் கூடாது."

சோதனை நாள் வந்தது. அங்கே பிடிப்பதற்கு அவர்களுடைய ஆள்தான் உட்கார வேண்டும். அவன் வாயைத் திறக்காமல் கையுறையை நீட்டினான். வில்கின் எறிந்த பந்து, போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போனது. எழுபத்தைந்து. அடுத்தது அதைவிட மோசம்.

அரிஸ்டிதெஸ் தலையைச் சாய்த்துப் பெர்சியோவைப் பார்த்தார். "நீ சொன்ன பையன் இவன்தானா? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரேன். சரியான ஆளைக் கூட்டிட்டு வா."

'சரியான ஆள்' என்ற இந்த ஒரு வார்த்தை பெர்சியோவின் மண்டையைக் குடைந்துவிட்டது. எங்கள் நாட்டில் இது நடக்காத கூத்து அல்ல. வயதைக் குறைக்கத் தம்பியின் பிறப்புச் சான்றிதழோடு அண்ணன் வருவான், ஒருவனைக் காட்டிவிட்டு வேறொருவனை அனுப்புவார்கள். எனவே பையன் சரியாக எறியவில்லை என்றால், அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று எங்களில் யாருக்கும் தோன்றாது. ஆள் மாறிவிட்டான் என்றுதான் தோன்றும். மறுநாள் காலையிலேயே அவன் வீட்டுக்குப் போய்விட்டோம்.

அவன் அம்மா எடெல்மிரா, மரியாதையாகச் சொன்னால் தோன்யா எடெல்மிரா, வாசலில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு எதிரே மாமரத்தடியில் நாற்காலி.

"உண்மையச் சொல்லுங்க தோன்யா. எந்தப் பையனை அனுப்புனீங்க?" என்று ஆரம்பித்தார் பெர்சியோ.

"எந்தப் பையனைன்னா?"

"இவனை மாதிரியே இன்னொருத்தன் இருக்கான்ல?"

"எனக்கு ரெண்டு பையன். ஒருத்தன் வாயை மூடமாட்டான், ஒருத்தன் வாயைத் திறக்கமாட்டான். இதுல எங்க உனக்குக் குழப்பம்?"

"சித்தப்பன் மகன், பெரியப்பன் மகன்னு யாராவது..."

"பெத்தவ நானா, நீயா?" கத்தி எங்கள் பக்கம் திரும்பியது. நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வில்கின் தண்ணீர்க் குடத்தோடு வந்தான். சுவரோரம் ஒரு கரி மூட்டை சாய்ந்திருந்தது. அதன் மேல் அவன் அம்மாவின் ஓலைத் தொப்பி. பையன் குடத்தை இறக்கி வைத்தான். தூரத்திலிருந்தே கரி மூட்டையின் பக்கம் தலையைக் குனிந்து, "ஆசீர்வாதம், மாமா" என்றான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தால் முதலில் ஆசீர்வாதம் கேட்பார்கள். பதில் கிடைக்காமல் நகரமாட்டார்கள். அவனும் நகரவில்லை. நான் எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்டா" என்றார் பெர்சியோ, மாமரத்தடியிலிருந்து. பையன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

வீட்டுக்குள்ளிருந்து வந்த ரதாமேஸ்தான் சொன்னான். "கிட்டத்துல எல்லாம் நல்லா தெரியும் மாமா அவனுக்கு. தூரத்துல கொஞ்சம் பொகை மாதிரி. அதுக்குத்தான் நான் கத்திட்டே இருக்கேன். என் குரலைப் பாத்துப் போடுவான்."

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே. வேற பையனா, வேற பையனான்னுதானே கேட்டீங்க."

அன்று மாலையே பானிக்குப் போய்க் கண்ணாடிக்குச் சொன்னோம். வியாழக்கிழமை வாங்கி மாட்டிக்கொண்டதும் பையன் முதலில் பெர்சியோவின் முகத்தைப் பார்த்தான். "மாமா, உங்களுக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?" என்றான். பெர்சியோவுக்கு அதுகூட இனித்தது. "ஜெயிச்சாச்சு மச்சான்!" என்று மளிகைக் கடைக்குத் திரும்பி அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் பீர் ஊற்றினார். என் கடை, என் பீர்.

அந்தச் சந்தோஷம் மைதானத்துக்குப் போகும்வரைதான். பையனின் சினேகிதன் சாகோ மட்டையோடு எதிரே நின்றான். வில்கின் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"எறிடா!"

"மாமா, அவனுக்கு மூக்கு இருக்கு."

"எல்லாருக்கும்தான்டா இருக்கு!"

"முன்னாடி அங்க ஒரு நிழல்தான் நின்னுச்சு. இப்ப சாகோ நிக்கிறான். முகத்துல பட்டுட்டா?"

கடைசியில் எறிந்தான். பந்து சாகோவை விட்டு வெகுதூரம் தள்ளி, மெதுவாகப் போனது.

கடைக்குத் திரும்பியதும் பெர்சியோ டோமினோ கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆடாமலே உட்கார்ந்திருந்தார். "கண்ணு தெரியாதப்ப தொண்ணூறு. தெரிஞ்சா எழுபத்தஞ்சு. நான் இவனுக்கு நல்லது செஞ்சேனா, கெட்டது செஞ்சேனா?"

"எனக்கென்ன தெரியும், நான் அரிசி விக்கிறவன்" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். எனக்கும் உண்மையாகவே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ரதாமேஸும் வண்டியில் ஏறிக்கொண்டான். வில்கின் கண்ணாடியோடு, பிடிப்பவன்மேல் பட்டுவிடுமோ என்று மெதுவாக எறிந்த முதல் சில பந்துகளைப் பார்த்துவிட்டு அரிஸ்டிதெஸ் கொட்டாவி விட்டார். பையன் எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பினான். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தான். பிடிப்பவனுக்கு நேர் பின்னால், வலையோரமாகப் போய் நின்ற ரதாமேஸ், "இங்க தம்பி, இங்க!" என்று ஆரம்பித்தான். அண்ணனும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு வந்தது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

பந்து வெடித்தது. தொண்ணூற்றொன்று. அரிஸ்டிதெஸ் எழுந்து நின்றார். இன்னொன்று, அதே வேகம். இஸ்திரிச் சட்டைக்காரர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "பேட்டரை அனுப்பு" என்றார்.

வேறு யாரோ தேடிக் கொண்டுவந்த ஒல்லிப் பையன் ஒருவன் மட்டையோடு வந்து நின்றான். தலைக்கவசம் அவனுக்குப் பெரிசு, ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வேலிக்கு வெளியே அவன் அம்மா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெர்சியோ அவளைப் பார்த்தார், வில்கினைப் பார்த்தார். அவர் கழுத்தெல்லாம் வேர்வை. இத்தனை வருஷம் தேடியது இரண்டு மூன்று எறிக்கு அப்பால் நின்றது. 'வாயை மூடிக்கிட்டு இருங்க மச்சான்' என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். வில்கின் கையை ஓங்கினான்.

"வில்கின்! கண்ணாடியைப் போடுடா! அங்க ஒரு பையன் நிக்கிறான்டா!"

மைதானம் அப்படியே நின்றுவிட்டது. பையன் கையை இறக்கினான். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒல்லிப் பையனைப் பார்த்தான். மெதுவாக ஒரு பந்து போட்டான். ஒல்லிப் பையன் அதை வேலிக்கு அப்பால் அடித்தான். அவன் அம்மா ஆடிய ஆட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அரிஸ்டிதெஸ் வில்கினிடம் போய், "கண்ணாடியோட அந்த வேகம் வந்தா திரும்ப வா" என்றார். பிறகு பெர்சியோவைக் கை காட்டினார். "இந்த ஆளைக் கூட்டிட்டு வராதே."

திரும்பும்போது பையன்கள் இருவரும் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். பெர்சியோ என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், அவர் வான்னாரா, வராதேன்னாரா?"

"அவனை வான்னாரு. உங்களை வராதேன்னாரு."

"அப்ப நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?"

"சும்மா இருந்திருக்கலாம்ல!" என்று ஸ்டியரிங்கைக் குத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா..."

"இருந்திருக்கலாம்" என்றார். "ஏன் கத்தினேன்னு எனக்கே தெரியல."

வீட்டு வாசலில் கரி மூட்டை அதே தொப்பியோடு அதே இடத்தில் இருந்தது. வில்கின் பின்னாலிருந்து குதித்து அதைத் தாண்டிப் போனான். பாதி வழியில் நின்றான், திரும்பி வந்தான். பெர்சியோவின் பக்கத்து ஜன்னலுக்கு நேராக வந்து, அவர் முகத்தைப் பார்த்து, "ஆசீர்வாதம், மாமா" என்றான்.

மைதானமே அதிரக் கத்திய மனிதருக்கு இப்போது குரல் வரவில்லை. முன்னால் சாலையைப் பார்த்தார். பையன் நகரவில்லை. நான் இன்ஜினை அணைத்தேன்.