இருபது டிரம் கேட்டு வந்த வாசகர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு வாசகர் போன் செய்தார். இந்தப் பக்கத்தை ஆறு வருடமாக விடாமல் படிக்கிறாராம். அரக்கோணத்தில் ரயில் மாறும்போது குடையைத் தொலைத்த கதையை எழுதியிருந்தேனே... அதை வரி பிசகாமல் சொன்னார். நானே மறந்துபோன ஒரு வரியைக்கூட எடுத்துச் சொன்னார்.

எழுதுகிறவனைக் கவிழ்க்க வேறென்ன வேண்டும்?

"திருத்தணிக்கு வர்றேன் சார். உங்களைப் பார்க்கலாமா?" என்றார். தாராளமாக வாருங்கள் என்றேன்.

மறுநாள் காலை சென்னை லோக்கலில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, அடக்கமான பேச்சு. பெயர் ராஜன் என்று வைத்துக்கொள்வோம். என் மனைவி சரோஜா வைத்த இட்லியைச் சாப்பிட்டார். மலைக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது என்று விசாரித்தார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

பேனா மை தயாரிக்கிற சின்ன யூனிட் ஒன்று தொடங்கப்போகிறாராம். கனகம்மாசத்திரத்தில் இடம் பிடித்தாயிற்று. அதற்கு ஒரு திரவம் தேவைப்படுகிறது.

"உங்க மச்சினிச்சி ஆர்.கே.பேட்டையில சாயக் கடை வச்சிருக்காங்கன்னு ஒரு தடவை எழுதியிருந்தீங்க சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நான் எழுதியதை இவ்வளவு உன்னிப்பாகப் படித்திருக்கிறாரே என்று பூரித்துப்போனேன். எதற்காக அவ்வளவு உன்னிப்பாகப் படித்தார் என்று யோசிக்கவில்லை.

அந்த மச்சினிச்சி சரோஜாவின் தங்கை கோமதி. கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய ரசாயனத் தொழிற்சாலையின் லேபில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். இப்போது கணவரோடு சேர்ந்து தறிக்காரர்களுக்கும் சாயப் பட்டறைகளுக்கும் சாயப்பொடி, காஸ்டிக் சோடா, ஆசிட் விற்கிறாள். ஏதாவது கேட்டால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்வாள். மூன்றாவது வார்த்தை வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

ராஜனை அழைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். கடையில் கோமதி மட்டும் இருந்தாள். டீ வரவழைத்தாள்.

ராஜன் அந்தத் திரவத்தின் பெயரைச் சொன்னார். நான் இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

"எத்தினி டிரம் வேணுங்க?" என்றாள் கோமதி.

"இருபது."

ஆர்டரை எழுதிக்கொண்டிருந்த அவள் பேனா நின்றது.

"எங்க கடையில வருஷத்துக்கு ரெண்டு டிரம் போறதே பெருசுங்க. சேலை பிரிண்ட் பண்ற பட்டறை ஒன்னு வாங்கிகினு போவாங்க. அவ்ளோதான்."

"வரவழைச்சுக் குடுங்க. அவசரம் இல்ல."

"என்ன மை செய்யப்போறீங்க? பால்பாயிண்டா, ஸ்டாம்ப் பேடா?"

"எல்லாந்தான்."

"எந்த கிரேடு வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரிங்க. ஆனா டிரம் மேல லேபிள் இல்லாம வேணும். எங்க லேபிளை நாங்க ஒட்டிக்கறோம்."

கோமதி மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவர் முன் வைத்தாள். சரக்கு எந்த வேலைக்கு, எந்த இடத்தில் பயன்படப்போகிறது என்று வாங்குகிறவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய தாள்.

"இத எழுதிக் குடுங்க. கம்பெனி லைசென்ஸ் காப்பியும் வேணும். அப்புறம் பாக்கலாம்."

ராஜன் சிரித்தார். என்னைப் பார்த்தார். "சாருக்குத் தெரிஞ்சவன்தானே நான்... இதெல்லாம் வேணுமா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருக்க வேண்டும். செய்யவில்லை.

"எனக்கு ரொம்ப நாளா தெரிஞ்சவர்தாம்மா" என்றேன்.

கோமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தாளு இல்லாம முடியாது பாவா" என்றாள். எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்தில் அக்கா கணவர் பாவாதான். தாளை மட்டும் இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள்.

ராஜன் எழுந்துவிட்டார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. வாசகர் ஒருவரை நம்பிக்கையோடு அழைத்து வந்து, சொந்தக்காரியின் கடையிலேயே அவமானப்படுத்தியதாகத் தோன்றியது. "பெரிய கலெக்டர் ஆபீஸ் நடத்தற நீ" என்று கோமதியிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ராஜன் வருத்தமாக இருந்தார். "வேற யாராவது தெரியுமா சார்?" என்றார்.

வாசகர்களே, இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பள்ளிப்பட்டில் நாகராஜ் என்று ஒரு சாய வியாபாரி. ஒரு கட்டுரைக்காக அவரிடம் பேசியிருக்கிறேன். அவருடைய நம்பரைக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா? நானே போன் செய்து, நம்ம ஆளுதான், பார்த்துச் செய்யுங்கள் என்றும் சொல்லி வைத்தேன்.

கோமதியின் மேல் இருந்த கோபம், வேறென்ன?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோமதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"பாவா, அந்த ஆளு மறுபடி பேசினாரா?"

"இல்ல."

"அது இன்னா சரக்குன்னு உங்களுக்குத் தெரியாது. சொல்லட்டுமா?"

சொன்னாள். அன்று அவள் பேசியதுபோல் அதற்கு முன் பேசி நான் கேட்டதில்லை.

அந்தத் திரவம் சாயம் துணியில் நன்றாக இறங்க உதவும். மைக்கு உதவும். அதுவரைக்கும் சாது. ஆனால் அதிலிருந்து மஸ்டர்ட் கேஸ் என்கிற நஞ்சுக்கு ஒரே ஒரு படிதான் தூரம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்தவர்கள்மேல் வீசினார்களே, அந்த நஞ்சு. பட்ட உடனே ஒன்றும் தெரியாதாம். சில மணி நேரம் கழித்துத்தான் தோல் கொப்பளிக்கும், கண் மூடிக்கொள்ளும், மூச்சுக்குழாய் வெந்துபோகும். அன்றைக்குத் தப்பித்தவர்களும் பல வருடம் இருமியே செத்தார்கள்.

"நானு லேப்ல வேல செஞ்சப்ப வெளிநாட்டு இன்ஸ்பெக்டருங்க வந்தாங்க பாவா. ரசாயன ஆயுதமே கூடாதுன்னு உலக நாடுங்க போட்ட ஒப்பந்தத்துக்காக. எங்க ஃபேக்டரியில இந்தச் சரக்கு இருந்துச்சு. டிரம்மு ஒவ்வொன்னையும் எண்ணினாங்க. எவ்ளோ செஞ்சீங்க, யாருக்குக் குடுத்தீங்க, அவங்க இன்னா செஞ்சாங்க... எல்லாம் கேட்டாங்க. எங்க மேனேஜருக்கு எரிச்சல். எனக்குந்தான். சாயத்துக்குப் போற சரக்குக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமான்னு."

அந்தக் குழுவில் மேற்காசியாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாராம். மதியச் சாப்பாட்டின்போது கோமதி அவரிடம் விளையாட்டாகவே கேட்டிருக்கிறாள் — இவ்வளவு சந்தேகமா எங்கள்மேல் என்று.

"அந்தம்மா கோவிச்சுக்கல பாவா. அவங்க ஊர்ல சண்ட நடந்தப்ப அண்ணன் மேல இந்த கேஸ் பட்டுச்சாம். இருவது வருஷம் கட்டில்ல உக்காந்துகினேதான் தூங்குவாராம். படுத்தா மூச்சு வராது. போர் முடிஞ்ச அப்புறம் விசாரிச்சா, அந்த கேஸ் செய்யறதுக்கு வேண்டிய சரக்கு ஏதேதோ நாட்டுல இருந்து வியாபாரிங்க வழியா, துணி சாயத்துக்குன்னு சொல்லி, சாதாரண டிரம்ல போயிருக்குது. கை மாத்தி விட்ட ஒருத்தருக்கும் தெரியல. இல்ல... தெரிஞ்சுக்கணும்னு யாரும் கேக்கல."

சரோஜா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றிருந்தாள்.

"அந்த ஆளு மை செய்யறவரா இருக்கலாம் பாவா. ஆனா மை செய்யறவரு கிரேடு கேப்பாரு. விலையக் கொறைக்கச் சொல்லுவாரு. லேபிள எடுக்கச் சொல்ல மாட்டாரு."

பேப்பரை மடித்து வைத்தேன். நாகராஜ் விஷயத்தைச் சொன்னேன். கோமதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இப்பவே போன் போடுங்க" என்றாள்.

போட்டேன். நாகராஜ் உற்சாகமாகத்தான் எடுத்தார்.

"ஆங், வந்தாரு சார். நம்மகிட்ட மூணு டிரம்மு இருக்குது. நாளைக்கு வண்டி எடுத்துகினு வர்றேன்னாரு. மீதிய அடுத்த மாசம் வரவழைச்சுக் குடுக்கறேன்னு சொல்லிகீறேன்."

"குடுக்காதீங்க நாகராஜ்."

"இன்னா சார்? நீங்கதான சொன்னீங்க நம்ம ஆளுன்னு."

"நம்ம ஆளு இல்ல. அன்னிக்குத்தான் மொத மொத பாத்தேன்."

தறி ஓடுகிற ஓசைக்கு நடுவே நாகராஜ், "அப்புறம் ஏன் சார் அப்டி சொன்னீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை, புரியாமல்தான் கேட்டார்.

கோமதி போனை வாங்கிக்கொண்டாள். நிதானமாக, அந்த ஊர்ப் பேச்சிலேயே எல்லாவற்றையும் விளக்கினாள். கடைசியில், "அண்ணா, நீங்க இல்லன்னு சொல்ல வாணாம். தாளு எழுதிக் குடுன்னு மட்டும் கேளுங்க. மிச்சத்த அவரே பாத்துக்குவாரு" என்றாள்.

அப்படித்தான் ஆயிற்று. சனிக்கிழமை வண்டியோடு வந்த ராஜன், நாகராஜ் நீட்டிய தாளைப் பார்த்தார். லைசென்ஸ் வண்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனார். போனவர் திரும்பவில்லை, வண்டியும் கிளம்பிப் போய்விட்டது. எனக்குத் தந்திருந்த நம்பர் அன்று பிற்பகலிலிருந்து வேலை செய்யவில்லை.

அதே சனிக்கிழமை நான் பஸ் பிடித்துக் கனகம்மாசத்திரம் போனேன். அவர் கொடுத்திருந்த விசிட்டிங் கார்டில் சாலையோரம் ஒரு முகவரி. ஷட்டர் போட்ட ஒற்றை அறை. பெயர்ப்பலகை இல்லை. பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"மை கம்பெனியா? அப்டி ஒன்னும் இல்லியே. இது ஆறேழு மாசமா பூட்டிகினுதான் கீது. நீங்களும் இத்தத்தான் கேக்கறீங்களா? போன வாரம் ஒருத்தர் வந்து போட்டோ எடுத்துகினு போனாரு."

போட்டோ எடுத்தவர் ராஜனா, ராஜனைத் தேடுகிற வேறு யாராவதா? தெரியாது. அங்கே நின்றபடியே கோமதிக்குப் போன் செய்தேன்.

கோமதியும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் மேலே தெரிவித்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கோமதியிடம் ஒரு மணி நேரம் பேசினார். அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, "யாரும் சொல்லாம இதை நீங்களாவே தயார் பண்ணி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அவள் "ஆங்" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு என் முறை.

"இவரை எத்தனை வருஷமாத் தெரியும் உங்களுக்கு?"

"ஒரே நாள்தான்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அதற்குப்பிறகு கொஞ்சம் படித்தேன். பேரழிவு ஆயுதம் என்றால் ஏவுகணை, காளான் மேகம், இரும்புக் கதவுக்குப் பின்னால் சிவப்புப் பொத்தான் என்றே நினைத்திருந்தேன். அணுகுண்டுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கலாம். இந்த நஞ்சுக்கு ஒரு டிரம்மும், கேள்வி கேட்காத ஒரு கடையும் போதும் என்பது புதிதாக இருந்தது.

நம் நாடும் ஒரு காலத்தில் இந்த வகை ஆயுதங்களை வைத்திருந்தது. உலக ஒப்பந்தத்தில் சேர்ந்தபின் உள்ளதை உள்ளபடி அறிவித்து, இன்ஸ்பெக்டர்கள் பார்க்க, முழுவதையும் அழித்தது. மற்ற நாடுகள் அறிவித்த கையிருப்பும் இப்போது அழிக்கப்பட்டுவிட்டது. ஒரு ஆயுத வகையையே மனிதர்கள் உட்கார்ந்து பேசி, எண்ணி, அழித்தார்கள் என்றால் சாதாரண விஷயமா? ஆனால் அந்தத் திரவத்தை அழிக்க முடியாது. சேலைக்கு வேண்டும், பேனாவுக்கு வேண்டும். அதனால் ஒப்பந்தம் பொருளைத் தடுக்கவில்லை, நோக்கத்தைத் தடுக்கிறது. நோக்கத்தை எந்த மெஷினால் அளப்பது? மனுஷன்தான் மனுஷனைக் கேட்க வேண்டும். கேட்டால் வியாபாரம் போகும், உறவு கோபிக்கும், எழுத்தாளர் பாவா கலெக்டர் ஆபீஸ் என்று நக்கல் அடிப்பார்.

கோமதியிடம் மன்னிப்புக் கேட்கக் கடைக்கே போனேன். ஒரு சாயப் பட்டறைக்காரருக்குப் பச்சைப் பொடி நிறுத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க மேல கோவம் இல்ல பாவா. அன்னிக்கு நீங்க தெரிஞ்சவருன்னு சொன்னப்ப எனக்கு ஒரு நிமிஷம் தோணிச்சு... பாவாவே சொல்றாரே, குடுத்துடலாமான்னு. அதான் பயமா இருந்துச்சு."

இதைக் கேட்டபிறகு நான் டீ குடிக்காமலே கிளம்பினேன்.

அதிகாரிக்கு இரண்டு முறை போன் செய்து பார்த்தேன். விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். ராஜன் நிஜமாகவே மை செய்ய வந்தவரா, வரி ஏய்க்க வந்தவரா, இல்லை... நமக்குத் தெரியாமலே போகலாம் என்றார். "ஒண்ணும் நடக்காம, தெரியாமலே போறதுதான் சார் இந்த வேலையில நல்ல முடிவு."

நடக்காமல் போன கேடு எந்தப் பேப்பரிலும் செய்தியாக வராது. அதனால்தான் இந்த வாரம் இங்கே எழுதி வைத்தேன்.