சீயஸுக்கு ஒரு கன்னம் போதும்

மியூனிக்கில் பீர் பீப்பாய் வண்டி ஓட்டிய கோர்பினியனுக்கு ஐந்து மாதமாகத் தாடி வளர்ப்பதும் ஒரு வேலை. புதிய இசை மண்டபத்தின் சுவரில் கிரேக்கக் கடவுள்களை வரைந்துகொண்டிருந்த ஓவியர் லிண்ட்னர், அவர்களின் தாடிக்கார ராஜாவான சீயஸுக்கு ஆள் தேடிச் சந்தையெல்லாம் அலைந்து இவனைப் பிடித்திருந்தார். சீயஸின் ஆயுதமான மின்னலுக்குப் பதில் ஒரு துடைப்பக்கட்டையைக் கையில் கொடுத்துச் சாரத்தின்மேல் உட்கார வைத்தார்.

ஈரச் சுண்ணாம்பில்தான் வரைய வேண்டும். காய்ந்தால் வண்ணம் பிடிக்காது. அதனால் அன்றைக்கு வரையும் அளவுக்கே கொத்தனார் பூசுவார். சீயஸின் உடம்பு எப்போதோ முடிந்துவிட்டது. முகத்தை மட்டும் மூன்று முறை வரைந்து, மூன்று முறையும் உளியால் பெயர்த்தாயிற்று.

"கடவுள் மாதிரியே இல்ல. பீப்பாய் இறக்க வந்தவன் மாதிரி இருக்கு" என்பார் லிண்ட்னர்.

"நான் அதுதானே ஐயா" என்பான் கோர்பினியன்.

நான்காவது பூச்சு அவன் கல்யாணத்தன்று காலையில் வந்து வாய்த்தது. பத்து மணிக்கு எதிர்த் தேவாலயத்தில் கல்யாணம். தாடியோடு வந்தால் பாதிரியார் முன்னாலேயே மாட்டேன் என்று சொல்லிவிடுவதாக மணப்பெண் வால்பர்கா சொல்லியிருந்தாள். செய்யக்கூடியவள்தான்.

ஒன்பதரைக்கு, தலையில் மணப்பெண் கிரீடமும் கையில் சவரக்கத்தியுமாக அவளே சாரத்தில் ஏறிவிட்டாள்.

"இறங்குடா மின்னல் சாமி. அங்க எங்கம்மா அழுதுட்டிருக்கா."

"சுண்ணாம்பு ஈரமா இருக்கு, புள்ள."

"அப்ப அதையே கட்டிக்கோ."

"இன்னும் கொஞ்ச நேரம்மா" என்று லிண்ட்னர் கெஞ்சினார். "விட்டா பூச்சு காஞ்சுடும்."

வால்பர்கா சுவரைப் பார்த்தாள். அங்கே எல்லாக் கடவுள்களும் பக்கவாட்டில் முகம் திருப்பியே இருந்தார்கள்.

"உங்க சாமிக்கு ஒரு கன்னம் போதும்தானே?"

அவர் இடது கன்னத்தை வரைய, அவள் வலது கன்னத்தைச் சிரைத்தாள். கழுத்தில் கத்தி இருந்ததால் கோர்பினியன் மூச்சே விடவில்லை. பயத்தில் முகம் இறுகி, பார்வை எங்கோ தூரத்தில் நிலைகுத்தியது.

"இதுதான். இந்த முகம்தான்" என்று முணுமுணுத்தார் லிண்ட்னர்.

பத்து மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் அவர் தூரிகையை வைத்தார். மிச்சத் தாடியையும் வழித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் வால்பர்கா சுவரில் இருந்தவனை ஒழுங்காகப் பார்த்தாள். பிறகு இவனைப் பார்த்தாள். அதே பழைய முகவாய், தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி. மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

"மணியடிக்குது, புள்ள."

"வரேன், வரேன்." ஏணியில் பாதி இறங்கியவள் நின்றாள். "ஏன் கோர்பி, அது திரும்ப வளர எத்தன நாளாகும்?"

அதன்பிறகு முப்பது வருடம் அவன் தாடியோடுதான் வண்டி ஓட்டினான்.