அர்மெல் கெரேயின் சுற்றுவழி

2004ஆம் ஆண்டு மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மேவிஸ் ஹாலம் தன் பக்கத்து வீட்டுக்காரரான அர்மெல் கெரேயை முதன்முதலாகச் சந்தித்தாள். அவரைச் சந்திப்பதற்கு முன் அவருடைய இருபத்தேழு மாடுகளைச் சந்தித்தாள் என்பதே சரி.

அந்த வீட்டை அவளும் கணவர் டெரிக்கும் முந்தைய டிசம்பரில் வாங்கியிருந்தார்கள். பிரான்சின் மேற்கே, நடு பிரித்தானி வட்டாரத்தில், குளிர்காலம் முழுவதும் மாடுகள் கொட்டிலிலேயே கிடக்கும். ஆகவே வீடு பார்க்க வந்தபோது முற்றம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மார்ச்சில் முதல்முறை அவிழ்த்துவிடும் நாளில் கிழட்டுப் பசுவும் கன்றுபோல் துள்ளும். அப்படித் துள்ளி வந்த கூட்டம் சமையலறைச் சன்னலோரம் நின்று, அவள் முதல்நாள் நட்ட பூச்செடிகளை மேய்ந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் நீல மேலங்கியும் ரப்பர் பூட்ஸுமாக அர்மெல் வந்தார். வயது ஐம்பத்திரண்டு, தனிக்கட்டை.

“போன்ழூர், மதாம். செடிக்கு ரொம்பத் தண்ணி ஊத்தாதீங்க. எப்படியும் இதுங்க திங்கப்போவுது.”

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

டெரிக், இங்கிலாந்தின் டார்பி நகரத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பேருந்துகளுக்கு நேர அட்டவணை தயாரித்தவர். தம் முற்றத்தின் வழியே நாளுக்கு இருமுறை பிறர் மாடு போவதை யாரோ கண்டிக்கத் தவறிய வழக்கம் என்றே அவர் எண்ணினார். மூன்றாம் ஆண்டு இரும்புக் கதவு ஒன்று போட்டுப் பூட்டினார். அர்மெல் சண்டைக்கு வரவில்லை. அன்று மாலை மடி கனத்த இருபத்தேழு பசுக்களையும் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கல்சுவரின் மேல் உட்கார்ந்துகொண்டார். மாடுகள் கதறிய கதறலில் கெர்வாலிக் என்ற அந்தச் சிற்றூரின் ஐந்து வீட்டாரும் வெளியே வந்து நின்றார்கள். ஒன்றேகால் மணி நேரம் பொறுத்தபின் டெரிக் தாமே பூட்டைத் திறந்தார்.

மறுவாரம் ஊர்த் தலைவி பத்திர நகலோடு வந்து பதினான்காம் பக்கத்தைக் காட்டினார். கெரே பண்ணையின் கால்நடைகள் அம்முற்றத்தின் வழியே மேய்ச்சலுக்குப் போகவும் வரவும் நிரந்தர உரிமை உண்டு என்று அதில் எழுதியிருந்தது. பதிவு நாளன்று நோட்டரி அதை வாய்விட்டுத்தான் வாசித்தார். புன்னகையோடு தலையாட்டியவர்கள் இவர்கள்.

கதவு போயிற்று, கூடவே வணக்கமும் போயிற்று. ரொட்டிக் கடையில் முன்பின் தெரியாதவனுக்கும் போன்ழூர் சொல்லும் ஊரில், இந்த இரு வீட்டுக்கும் இடையே ஏழாண்டுகள் ஒரு சொல் இல்லை. மாடுகள் போயின, டெரிக் குழாயைப் பிடித்துக் கல்தளத்தைக் கழுவினார், மாலையில் மாடுகள் வந்தன.

மற்றபடி வாழ்க்கை நல்லதும் கெட்டதுமாக நகர்ந்தது. செவ்வாய்ச் சந்தையில் மேவிஸைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வெண்ணெய்க்காரி கிடைத்தாள். ஈர விறகை வாங்கி இரண்டு குளிர்காலம் புகையில் இருமிய பிறகு, எந்த விறகு காய்ந்தது என்று தட்டிப் பார்த்தே சொல்லக் கற்றாள். புயல் அடித்தால் தொலைபேசி பத்து நாள் ஊமையாகும். ஆண்டுக்கொருமுறை, தாங்கள் உயிரோடிருக்கிறோம் என்று ஆங்கில ஓய்வூதிய அலுவலகத்துக்குச் சான்றனுப்ப, ஊர் அலுவலகத்தில் முத்திரைக்காக வரிசையில் நின்றார்கள். உடன் குடியேறிய ஆங்கிலக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டு ஊர் திரும்பின. அந்தச் சாமான்களில் மூன்று தேநீர்க் கெண்டிகள் மேவிஸிடம் சேர்ந்தன.

2013இல் டெரிக்குக்கு நடுக்குவாதம் என்று மருத்துவர் சொன்னார். காலை மாத்திரை எட்டு மணிக்கு வேலை செய்யத் தொடங்கும். ஒன்பதுக்குள் அதன் வேகம் அடங்கிவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் வாசற்படியிலிருந்து கிணறு வரை நாற்பது அடி போய், நாற்பது அடி திரும்ப வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நடை நின்றால் கால் மடங்கிவிடும். கால் மடங்கினால் படுக்கை. படுக்கையானால் டார்பியில் ஏதேனும் ஒரு முதியோர் இல்லம். தன்னந்தனியாக அவரைத் தூக்கிப் புரட்ட மேவிஸுக்கு உடம்பில் வலுவில்லை.

“அங்க என்னைக் கொண்டுபோய்ப் போட்டுடாத, மேவிஸ்,” என்றார் டெரிக். “சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துற இடம்தான் தெரியும்.”

ஆனால் எட்டு மணிக்கு முற்றத்தில் ஈரச் சாணி வழுக்கும். எத்தனை கழுவினாலும் கல்லிடுக்கில் பசை நிற்கும். அக்டோபரில் ஒருநாள் அவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது தற்செயல். அன்று மாலை மேவிஸ் அர்மெலின் பால் கறக்கும் கொட்டிலுக்குப் போனாள். வழி நெடுக வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டே போனாள்.

“போன்ழூர், மெஸ்யே கெரே.”

அர்மெல் கறவைக் குழாயிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “ஏழு வருஷம் கழிச்சு வருது இந்த போன்ழூர். சாயங்காலம் ஆயிடுச்சு, மதாம். இப்ப போன்ஸ்வார் சொல்லணும்.”

அவள் சொல்ல வந்ததைச் சொன்னாள்: நாற்பது அடி, எட்டு மணி, வழுக்கல். பூட்டுப் போட்டது தவறு என்பதையும் சொன்னாள்.

“பூட்டு போட்டது அவருதானே? அவரு வாயில என்ன கொழுக்கட்டையா?”

“அவருக்கு இப்ப பேச்சு குழறுது, மெஸ்யே.”

அர்மெல் அடுத்த பசுவிடம் நகர்ந்தார். “அந்த வழி எங்க தாத்தா காலத்து வழி. முப்பது வருஷம் ஒரு மாடும் போகலேன்னா வழி செத்துப்போயிடும், சட்டம் அப்படித்தான்.”

“முப்பது வருஷத்துக்கு நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்.”

“மாடு இருக்கும்,” என்றார் அர்மெல்.

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் திரும்பிவிட்டாள். களைப்பில் அன்றிரவு சமைக்கவும் இல்லை. குளிர்ந்த கோதுமைத் தோசையை வெண்ணெய் தடவி இருவரும் தின்றார்கள்.

மறுநாள் ஏழு பத்துக்கு முற்றம் காலியாக இருந்தது. ஏழரைக்குத் தொலைவில், சிற்றாலயத்துச் சாலை வளைவில், மாடுகள் வரிசையாகப் போவது தெரிந்தது. மேய்ச்சலுக்கு முற்றத்தின் வழியே இருநூறு மீட்டர். அந்தச் சாலை வழியே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நண்பகலில் அர்மெல் வந்து, படியேறாமல் வாசலிலேயே நின்றார்.

“ரெண்டு விஷயம். வருஷத்துக்கு ஒருநாள், குத்தகை முடியிற செயின்ட் மைக்கேல் திருநாளன்னிக்கு, ஒத்த மாட்டை இந்த வழியா ஓட்டுவேன். வழி உயிரோட இருக்கணும்.”

“ஆகட்டும்.”

“இது தானதர்மம் இல்ல, கடன். ஒருநாள் கேப்பேன்.”

“என்ன கேப்பீங்க?”

“தெரிஞ்சா இப்பவே கேட்டுட்டுப் போக மாட்டேனா?”

என்ன கேட்பார் என்பது மேவிஸுக்குத் தெரியும் என்றே பட்டது. வீட்டுக்குப் பின்னால் ஓடைவரை இறங்கும் புல்வெளி அவர்களுடையது. அது தம் மேய்ச்சல் நிலத்தோடு சேர்ந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

டெரிக் நடந்தார். முதலாண்டு நாற்பது அடி, பிறகு நடைவண்டியைப் பிடித்து முப்பது, பிறகு இருபது. மழை கொட்டும் காலைகளில் மேவிஸ் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்து நிற்கையில், வளைவில் அர்மெலின் மஞ்சள் மழைக்கோட்டு தெரியும். அவருக்கும் வலது முழங்கால் சரியில்லை. மாடுகள் முந்திப் போக, அவர் விந்தி விந்திப் பின்னால் போவார். அந்தக் காட்சியைப் பார்க்காமலிருக்கச் சில நாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏற்கெனவே சுமந்த களைப்பின் மேல் இன்னொருவர் களைப்பையும் ஏற்ற அவளிடம் இடமில்லை.

செயின்ட் மைக்கேல் திருநாளான செப்டம்பர் 29 தோறும் கொக்கெட் என்ற கிழப்பசு கயிற்றில் வந்தது. டெரிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் காத்திருப்பார்.

“நாலு நிமிஷம் தாமதம், மெஸ்யே!”

“எங்க வண்டி உங்க டார்பி பஸ் மாதிரி இல்ல. நடு வழியில நின்னு சாணி போட்டுட்டுத்தான் வரும்.”

கொக்கெட் சொன்னபடி செய்யும். அன்று மட்டும் டெரிக்கின் சிரிப்பு குழறாமல் வரும்.

2017 பிப்ரவரியில் டெரிக் தம் கட்டிலிலேயே இறந்தார். முந்தின நாளும் ஆறு அடி நடந்திருந்தார். அடக்கத்தன்று அர்மெல் கழுத்துப்பட்டையோடு கடைசி வரிசையில் நின்றார். மார்ச் பிறந்ததும் மேவிஸ் முற்றத்துப் பூந்தொட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கொட்டிலுக்குப் போனாள்.

“இனிமே முற்றம் வழியாவே ஓட்டுங்க, மெஸ்யே. நடக்க ஆளில்ல.”

“மாடுங்களுக்கு வழி மறந்துடுச்சு.”

“மாடு மறக்குமா?”

“பாதி புதுக் கிடேரி. அதுங்களுக்கு இந்த வழியே தெரியாது. நீங்க செடி வைங்க.”

அதன்பிறகும் நான்காண்டுகள் அவர் சாலை வழியேதான் போனார். டார்பியிலிருந்து மகள் வாரந்தோறும் அழைத்து, “அங்க இன்னும் என்னம்மா இருக்கு உனக்கு?” என்று கேட்டாள். மேவிஸ் ஒவ்வொரு முறையும் விறகு அடுக்க வேண்டும், கூரை ஒழுகுகிறது என்று ஏதாவது சொன்னாள். புல்வெளியை வாங்க வேறு இருவர் வந்து கேட்டார்கள், கொடுக்கவில்லை. யாருக்காக வைத்திருக்கிறாள் என்பதை அவர்களிடம் சொல்லவுமில்லை.

2021 வசந்தத்தில் அர்மெல் மாடுகளை விற்றார். அந்த செப்டம்பர் 29 அன்று வெறுங்கையோடு, தடியை ஊன்றி, முற்றத்தைத் தாமே கடந்தார்.

“மாடு எங்க?”

“நான் போதாதா? வழி இன்னும் முப்பது வருஷம் தாங்கும்.”

மேவிஸுக்குச் சுற்றி வளைத்துப் பேச இனித் தெம்பில்லை. “புல்வெளி வேணும்னா எடுத்துக்குங்க. நோட்டரிகிட்டச் சொல்லிட்டேன்.”

“மாடு இல்லாதவனுக்குப் புல் எதுக்கு?”

“அப்ப அந்தக் கடன்?”

“யோசிச்சிட்டு இருக்கேன், மதாம். அவசரப்படுத்தாதீங்க,” என்று சொல்லி, கிணற்றோரம் சற்று நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போனார்.

ஜனவரியில் அவர் இறந்தார். அடக்கத்துக்குப் பின் ஊர் மண்டபத்தில் காப்பி கொடுத்தார்கள். ரென் நகரிலிருந்து வந்த அக்காள் மகன் ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டே மேவிஸிடம் வந்தான்.

“மாமா உங்களுக்கு ஏதாச்சும் பாக்கி தரணுமா, மதாம்?”

“இல்ல. நான்தான் அவருக்குத் தரணும்.”

அவன் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டான். “எவ்வளவு?”

“அவர் சொல்லல,” என்றாள் மேவிஸ்.