கடிதத்தில் இல்லாத எண்

மகளுக்கு இரண்டு வயது முடிந்த மாதம் நான் மறுபடியும் படிக்கப் போனேன். கணினிப் பாதுகாப்பில் எம்.டெக். படிப்பு. வகுப்பில் எல்லோரும் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர்கள். அக்கா என்பதற்கு மலையாளத்தில் சொல்லும் 'சேச்சி' என்றே என்னைக் கூப்பிட்டார்கள். கரமனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த குழந்தைகள் காப்பகத்தில் மகளை விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். அவள் அழாத நாட்களில் எனக்குக் கூடுதலாகக் கவலை வரும்.

இரண்டாம் செமஸ்டரில் எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். நகரத்தில் உள்ள சிறிய நிறுவனங்களின் இணையதளங்களைச் சோதித்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நிறுவனம் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே தொடங்கலாம். எந்த முகவரியைத் தொடலாம், எந்த நாள்வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். நாங்கள் எதைச் சொன்னாலும் எங்களுக்குப் பொறுப்பான மிஸ் முதலில் கேட்பது ஒன்றுதான்: "லெட்டரில் உண்டோ?"

இன்னொரு வழக்கமும் இருந்தது. செய்கிற ஒவ்வொரு சோதனையையும் மணியோடு ஒரு நோட்டில் எழுத வேண்டும். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும். மறுநாள் காலையில் மூன்று பேரும் கீழே கையெழுத்திடுவோம்.

எங்கள் குழுவுக்குக் கிடைத்தது ஒரு பல் மருத்துவமனை. நோயாளியின் பக்கத்தைத் திறந்து, முகவரியின் கடைசியில் இருந்த எண்ணை ஒன்று கூட்டினால் அடுத்த நோயாளியின் எக்ஸ்ரே வந்து நின்றது. குழுவில் இருந்த பையன், சாலைக் கடைத்தெருத் தமிழ்க் குடும்பத்தவன், சிரித்தான். "சேச்சி, டாக்டர் எல்லாரோட வாயையும் தொறந்தே போட்டிருக்காரு, கேட்டீங்களா."

நானும் சிரித்தேன். அப்போதுதான் பக்கத்தின் அடியில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் சின்னம் கண்ணில் பட்டது. சிறிய பச்சை இலை. என் மகளின் காப்பகம் பெற்றோருக்குக் கொடுத்திருந்த இணையப் பக்கத்தின் அடியிலும் அதே இலை இருந்தது.

மறுநாள் மதியம் வீட்டில் உட்கார்ந்து மருத்துவமனை அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டு என்னிடம் இருந்தது. அன்று மகள் என்ன சாப்பிட்டாள் என்று பார்க்கக் காப்பகத்தின் பக்கத்தைத் திறந்தேன். முகவரியின் கடைசியில் அவளுடைய சேர்க்கை எண், இருபத்தேழு. இருபத்தெட்டு என்று மாற்றினேன். திறக்காது, திறக்காமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்ததாகத்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதானா என்று எனக்கே தெரியவில்லை.

திறந்தது. என் மகளோடு அதே நாளில் சேர்ந்த பையனின் படம். வீட்டு முகவரி, முட்டை ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, அதற்குக் கீழே அவனைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்களின் பட்டியல். அப்பா, மாமா, மூன்றாவதாக நான். என் பெயரும் ஃபோன் நம்பரும். அவனுடைய அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள், ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். காப்பக வாசலில் பேசிப் பேசிப் பழக்கம். என்னைச் சேர்த்திருப்பதாக அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பக்கத்தை மூடினேன். கை தானாக நோட்டை எடுத்து எழுதியது. 2.10. காப்பகம். எண் மாற்றம். திறந்தது. எழுதி முடித்த பிறகே என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்தேன். அந்தக் காப்பகத்திடமிருந்து எங்களிடம் எந்தக் கடிதமும் இல்லை.

சாயங்காலம் துணி மடித்தபடி கணவரிடம் சொன்னேன். அவர் பதற்றப்படவில்லை.

"ஒரு வரிதானே. அடிச்சுட்டு மேல வேற எதையாவது எழுது."

"பக்கத்துக்கு நம்பர் இருக்கு."

"அடிக்கத்தானே சொன்னேன், கிழிக்கவா சொன்னேன்? காப்பகத்துக்கு ஒரு மொட்டை மெயில் போட்டுடு. ஓட்டையை அவா அடைச்சுப்பா. உன்னை எதுக்கு நடுவுல இழுத்துக்கணும்?"

அதையும் யோசித்தேன். ஆனால் காப்பகம் நடத்தும் அம்மாள் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது வந்தாலும் முதலில் காட்டுவது என்னிடம்தான். என் மெயிலை என்னிடமே கொண்டுவந்து 'இது என்னம்மா?' என்று கேட்பார். நான் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். சொன்னால் படிப்புக்கு என்ன ஆகுமோ, மற்ற இருவரின் மார்க்குக்கு என்ன ஆகுமோ. சொல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் இருபத்தேழைத் திறந்து என் மகளைப் பார்க்கலாம், அவளை யார் கூட்டிப்போகிறார்கள் என்பதையும். மெயிலில் இரண்டு வரி எழுதி அழித்தேன்.

காலையில் கையெழுத்துப் போட நோட்டை வாங்கிய குழுப் பையன் அந்த வரியில் நின்றான். "இது எப்போ?" என்றான். "மிஸ்கிட்ட முதல்ல நான் சொல்லிடறேன்" என்று நோட்டை வாங்கிக்கொண்டு போனேன்.

மிஸ் மெதுவாகப் படித்தார். "லெட்டரில் உண்டோ?"

"இல்லை மிஸ். என் குழந்தை அங்கே..."

"அம்மையாயிட்டு நோக்கியதோ, ஸ்டூடன்ட்டாயிட்டு நோக்கியதோ?"

அம்மாவாகப் பார்த்தாயா, மாணவியாகப் பார்த்தாயா என்று கேட்டார். எப்படிப் பார்த்தாலும் கடிதத்தில் இல்லை என்று அவரே சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அன்றைக்கே துறையின் பெயரில் காப்பகத்துக்குக் கடிதம் போனது. நான் செய்தது என்ன என்பதும் அதில் இருந்தது. காப்பகத்து அம்மாள் பக்கத்தை உடனே மூடிவிட்டார். பெற்றோர் எல்லோருக்கும் தகவல் சொல்லப்பட்டது. மீதிச் சோதனைகளிலிருந்து என்னை நிறுத்தி, அறிக்கை எழுதும் வேலையை மட்டும் தந்தார்கள். குழுவுக்கே மார்க் குறைந்தது. குழுப் பையன் ஒன்றே ஒன்று கேட்டான். "சேச்சி, மிஸ்ஸுக்கு ஒரு ஃபோன் அடிச்சுக் கேட்டிருக்கலாமே. அவங்களே அனுமதி வாங்கித் தந்திருப்பாங்கல்ல?" அது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் திறந்த பக்கம் யாருடையது என்று கடிதத்தில் இல்லை. இருபத்தெட்டாம் எண் பையனின் அம்மாவிடம் நானே சொல்வதென்று முடிவு செய்து, காப்பக வாசலில் சொன்னேன். அவள் பையனின் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் பாத்தியளாக்கா?"

"ஒரு நிமிஷம்தான்."

"எங்கிட்ட கேட்டா நானே காட்டிருப்பேன்லா." நிமிராமல் இன்னொரு செருப்பை மாட்டினாள். "ஒங்க பேரு இருந்ததையும் பாத்திருப்பிய."

பார்த்தேன் என்றேன். அவள் பையனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. பஸ் நிலையம் இருக்கும் தம்பானூரில் தண்ணீர் ஏறி பஸ்கள் நின்றுவிட்டன. நான் மகளை அழைக்கப் போனபோது காப்பகத்தில் அவளும் அந்தப் பையனும்தான் மிச்சம். அவனுடைய அம்மா வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறாள், அப்பா வேலையாகக் கொல்லத்தில், மாமாவின் ஃபோன் எடுக்கவில்லை. காப்பகத்து அம்மாள், இப்போது இணையப் பக்கத்துக்குப் பதிலாக வந்துவிட்ட நீள நோட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க பேரை வெட்டியிருக்காங்க, மோளே."

நோட்டை என் பக்கம் திருப்ப வந்தார். வேண்டாம் என்றேன்.

மகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். காப்பகத்து அம்மாள் பிஸ்கட் தந்தபோது முட்டை சேர்த்ததா என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அது எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. பையன் இரண்டு தின்றுவிட்டு என் மகளின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் அம்மா முழங்கால்வரை நனைந்து வந்தாள். என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"நீங்க இன்னும் போகலியா?"

"மழை" என்றேன்.

எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்பது அவளுக்குத் தெரியும். பையனை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கீழே வைத்த பிறகும் என் பெயரை வெட்டியிருந்த அந்தப் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நோட்டை மூடினாள்.