மாமியின் குடைச்சீலை

எதைக் கண்டாலும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்ற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மருந்துப் போத்தலின் அடியில் என்ன எழுதியிருக்கிறது, ஊருக்கு வந்த புது மனிதர் எந்த ஊர்க்காரர், ஏன் வந்தார், எப்போது போவார், எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் கலியாணத்துக்கு மூன்று நாள் முன்பு, மணப்பெண் அறைக்குள் அடக்கமாக இருக்க வேண்டிய நேரத்தில், நான் முன்மண்டபத்தில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்ததற்கும் இந்த வியாதிதான் காரணம்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. கல்முனைக் கரையில் பாதி வீடுகளுக்கு இன்னும் முழுக் கூரை வரவில்லை. எங்கள் முன்மண்டபத்தின் தகரங்களும் பறந்துபோய், அந்தக் கலியாணமே ஒரு தடவை தள்ளிப்போடப்பட்டது. மாப்பிள்ளை உட்காரும் இடத்துக்கு மேலே வெள்ளைச் சீலையால் மேற்கட்டி கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து அதற்கென்று ஒரே ஒரு சீலை இருந்தது. கடைசி வீட்டில் தனியாக இருந்த மாமியின் பெட்டகத்துக்குள் கிடந்ததால் அது சூறாவளிக்குத் தப்பியிருந்தது.

அவர் எனக்குச் சொந்தமில்லை. ஒழுங்கைக்கே மாமி. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. வாய் மட்டும் நீளம். அவர் வளவுக்குள் போன கோழி திரும்பி வந்தாலும், கோழிக்காரி திட்டு வாங்காமல் வர முடியாது. ஆனால் அந்தச் சீலையை யார் கேட்டாலும் கொடுப்பார், ஒரு சதம் வாங்க மாட்டார். கறிக்கறையோடு திருப்பிக் கொடுத்தால் மட்டும் அந்த வீட்டுக்கு அடுத்த கலியாணத்துக்குச் சீலை கிடையாது. இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மாப்பிள்ளை உட்காருவதற்கு முன்னால் யாராவது ஒருவர் ‘சீலைக்காரருக்காக’ ஒரு பாத்திஹா ஓத வேண்டும். யார் அந்தச் சீலைக்காரர் என்று ஒழுங்கையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நானே கேட்காமல் விட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

குடைச்சீலை என்றுதான் அதைச் சொல்வோம். வட்டமான பட்டு. பழசாகி நெய் நிறத்துக்கு வந்திருந்தது. நடுவில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கடதாசிப் பூப்பந்தைத் தொங்கவிடுவார்கள். பூப்பந்துக்காகவே ஓட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் இருபத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன்.

அன்று ஏணியில் ஏறி ஓரத்தைப் புரட்டிப் பார்த்தபோது கறுப்பு மையில் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் குத்தியிருந்தன. பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கி ஒரு வருடமாகாத எனக்குப் பொறுக்கவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினேன்.

“எறங்குகா கீழ! கலியாணப் பொண்ணு குரங்கு மாதிரித் தொங்கிக்கிட்டு நிக்கா!” மாமி கீழே இடுப்பில் கை வைத்து நின்றார்.

“மாமி, இதில இலக்கம் இரிக்கி. இது எங்கால வந்த?”

“வானத்தால வந்த” என்றார் மாமி. பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கலியாணம் முடிந்து ஒரு கிழமையில், சீலையைத் துவைத்து மடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கறையில்லை என்று நாலு தரம் உதறிப் பார்த்த பிறகுதான் கதை வெளியே வந்தது.

நாற்பத்திரண்டு, ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம். கடலுக்கு மேலே சின்னச் சின்ன விமானங்கள் ஒன்றையொன்று துரத்தியதை ஊரே கரையில் நின்று பார்த்தது. ஒன்று புகைவிட்டுக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அதிலிருந்து குதித்தவனின் பாராசூட் குடை விரிந்தது, ஆனால் நேரம் பிந்தி விரிந்தது. அடுத்த நாள் காலையில் கரைவலை இழுத்தபோது மீனோடு அவனும் வந்தான். உடம்பைச் சுற்றி, நடுவில் காற்றுப் போகும் ஓட்டையோடு அந்தப் பட்டு. விதானையாருக்குச் சொல்லி அனுப்பினார்கள். யுத்த நேரம், மேலிடத்திலிருந்து யாரும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மையத்தை இனியும் வைத்திருக்க முடியாது. மையவாடியில் இடம் கொடுப்பதா, வேறெங்காவது அடக்குவதா என்று ஊருக்குள் இழுபறி.

“பள்ளிவாசல் லெப்பை அவனைக் குளிப்பாட்ட உள்ள எடுத்தார். வெளிய வந்து செல்லிட்டார், இவர் நம்மட ஆள், சுன்னத்துச் செஞ்சிரிக்கி எண்டு. அதோட வாய் அடங்கிச்சி எல்லாருக்கும்.”

நம்முடைய ஆள் என்றால், மார்க்கப்படி ஆண்பிள்ளைக்குப் பட்டு ஆகாது. பட்டோடு அடக்க முடியாது. யுத்தப் பஞ்சத்தில் கடைகளில் வெள்ளைத் துணி இல்லை. அப்போதுதான் மாமி வீட்டுக்குப் போய்த் தன் பெட்டகத்திலிருந்த, மையத்தைச் சுற்றும் வெள்ளைக் கபன் துணியை எடுத்து வந்து கொடுத்திருக்கிறார்.

இருபத்துச் சொச்சம் வயதுப் பெண்ணிடம் கபன் துணி எப்படி வந்தது? நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான், ஊருக்கே தெரிந்ததுதான். மாமியின் கணவர் அதற்கு முந்திய வருடம் தோணியில் போனவர். தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. மையத்தாவது கரையொதுங்கும் என்று மாமி ஒரு வருடம் கபன் துணியோடு காத்திருந்திருக்கிறார். கடல் வேறு ஒருவனைக் கொண்டுவந்து போட்டது. துணி அவனுக்குப் போனது. அவனுடைய பட்டை லெப்பை மாமி கையில் கொடுத்தார். குடையின் கயிறுகளை அறுத்து ஒழுங்கையில் தொட்டில் கட்டினார்கள். பட்டு கலியாணங்களுக்கு மேலே ஏறியது.

“இந்தச் சீலைய நான் கேக்கல்ல. அவங்களாத்தான் தந்த” என்று மாமி இரண்டு தரம் சொன்னார். யாரோ கேட்கப்போகிறார்கள் என்று இத்தனை வருடம் பயந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. குடையோடு விழுந்தவனின் பெயரைக் கண்டுபிடித்தே தீருவது என்று அன்றே முடிவு செய்தேன். மாமிக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதிக்கு மேல் என் வியாதிதான்.

இலக்கத்தைப் பிரதி பண்ணி, கொழும்பில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்துக்கு எழுதினேன். அங்கிருந்து அது எங்கெங்கோ போய், எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். அந்த இலக்கம் சீலை செய்த தொழிற்சாலையுடையது, அணிந்தவர் யாரென்று அதிலிருந்து அறிய முடியாது. அந்த வருடம் கிழக்குக் கரைக்கு அப்பால் விழுந்த சண்டை விமானிகள் பலர். கல்லறை அறியப்படாதவர்களின் பெயர்கள் தூர தேசமொன்றில் ஒரு சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. இவர் பெயரும் அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும்.

நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தே விட்டார்.

“கபுறு இல்லாத ஆளெண்டா செல்லுறாங்க? ஆரு செல்லின அப்பிடி? நான் கபன் குடுத்தன், லெப்பை தொழுவிச்சார், தலைமாட்டிலயும் கால்மாட்டிலயும் ரெண்டு முதிரை மீசான் கட்டை நட்டிரிக்கி. அவன்ட உம்மா அந்தச் சுவரப் பாத்திட்டு எம்பிள்ள மீனுக்குப் போயிட்டான் எண்டெலுவா நினைச்சிரிப்பா! எழுதுகா திருப்பி. இடத்தையும் எழுது.”

அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அந்த உம்மாவுக்காக இவ்வளவு கோபப்பட அந்த ஊரில் அவரைவிட உரிமையுள்ளவர் யாருமில்லை.

இடத்தை எழுதுவதென்றால் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. கடற்கரைப் பக்கமாகப் போனால் வேலியோரத்தில் நின்று பார்க்கலாம். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு இருவரும் நடந்தோம்.

வழியில் என் வாய் சும்மா இருக்கவில்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பவர். வெள்ளைக்காரரிலும் வசதியான குடும்பங்களில் அந்தக் காலம் ஆண்பிள்ளைகளுக்கு டாக்டர்களைக் கொண்டு சுன்னத்துச் செய்விப்பார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அதை நான் மாமியிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாமி நடையை நிறுத்தவில்லை. “லெப்பை ரங்கூன் வரைக்கும் கப்பல்ல போய் வந்த மனிசன். அவருக்குத் தெரியாதெண்டா நினைக்கிறாய்? மையவாடியில இடம் எடுக்க ஒரு கதை வேணும். செல்லிட்டார்.”

“அப்ப நீங்க?”

“நான் கபன் குடுத்தது கடலால வந்த ஆளுக்கு.”

மையவாடியின் கடற்பக்கத்துக்கு வந்தோம். மாமி அடையாளம் சொன்ன தாழைப் பற்றையைத் தேடினேன். இல்லை. வேலியும் இல்லை. சூறாவளியில் கடல் ஏறி, கரையை வெட்டி இழுத்துக்கொண்டு போயிருந்தது. கடலோரமாக இருந்த கபுறு வரிசையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாமி கைகாட்டிய இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

அவர் மணலில் உட்கார்ந்தார். அந்த வாய் அப்படி ஓய்ந்து நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. சுவர் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டதே என்று நினைத்தேன். இத்தனை வருடம் பொய்யாக இருந்துவிட்டு, போன வருடம்தான் உண்மையாகியிருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்காவது எனக்கும் புத்தி இருந்தது.

“மாமி, இனி என்னத்த எழுதுற?”

“சீலையில எழுது” என்றார், எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே. “அது இரிக்கித்தானே.”

அடுத்த நாள் கறுப்பு நூலும் ஊசியும் கொண்டு போனேன். மை என்றால் துவையலில் போய்விடும் என்று மாமிக்குப் பயம். அவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். அவனுடைய ஆட்கள் என்றைக்காவது வந்தால் வாசிக்க வேண்டுமே என்பதற்காக ஆங்கிலத்திலும், எங்கள் ஆட்கள் வாசிக்கத் தமிழிலும். அந்தக் கறுப்பு இலக்கத்துக்குக் கீழே தைத்தேன். இரண்டு பின்னேரம் எடுத்தது. தமிழில் இவ்வளவுதான்: ‘இந்தச் சீலைக்காரரைக் கடல் கரையில் போட்டது. குளிப்பாட்டினோம். கபனிட்டோம். தொழுதோம். இந்த ஊரில் அவருக்குக் கபுறு இருந்தது.’

வாசித்துக் காட்டினேன். மாமி தலையாட்டினார். நூலை அறுத்து ஊசியைக் குத்தி வைக்கப் போனேன்.

“இன்னம் இடம் இரிக்கா அதில?”

“இரிக்கி மாமி. என்ன விட்டுப்போன?”

அவர் வாசலைப் பார்த்தார். யாருமில்லை. முந்தானையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு, “என்ட ஆள்ட பேரையும் போடு. அவருக்கும் எழுதி வெக்க ஒரு இடமில்லகா” என்றார்.

“செல்லுங்க மாமி, பேரை.”

எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண்கள் மாப்பிள்ளையின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அவர், அந்த மனிசன், என்ட ஆள், அவ்வளவுதான். பங்கீட்டு அட்டைக்குப் பெயர் கேட்டால்கூடப் பக்கத்திலிருப்பவர்தான் சொல்ல வேண்டும். தோணியில் போனவரின் கதையை அத்தனை தரம் கேட்டிருந்த எனக்கும் அந்தப் பெயர் தெரியாது. தெரிந்த ஆட்களெல்லாம் மௌத்தாகிவிட்டார்கள். மாமி இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். மூன்றாம் தரம் சொன்னார், மிக மெதுவாக.

நான் திருப்பிக் கேட்கவில்லை. தைக்கத் தொடங்கினேன். தைத்து முடியும்வரை ஊசி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத அந்த மனுஷி சீலையைத் தன் மடிக்கு இழுத்து, கறுப்பு நூல் வரிகளின் மேல் விரலை நகர்த்திக்கொண்டு வந்து கடைசி வரியில் நிறுத்தினார்.

“இதா அவர்?”

“ஓம் மாமி. இதுதான்.”

அவர் விரலை எடுக்கவில்லை.